முறுக்கு எந்த இடத்தில் நமுத்தது? பலகாரத் தொழிலில் குறையின் வேரைத் தேடும் வழிமுறை

கடையிலிருந்து பாக்கெட் திரும்பி வரும்போது அதோடு ஒரு சொல் மட்டும்தான் வரும். நமுத்துவிட்டது. வாடை வருகிறது. உப்பு தூக்கல். எடை குறைவு. கடைக்காரருக்கு அதற்குமேல் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு பாக்கெட்டிலிருந்து அடுப்புக்கும், அடுப்பிலிருந்து மாவு மூட்டைக்கும் பின்னோக்கி நடக்க வேண்டியவர்கள் நாம்தான்.

முறுக்கு, தட்டை, ஓமப்பொடி, மிக்சர் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கும் சிறு பட்டறை எங்களுடையது. முதல் இரண்டு ஆண்டுகள் குறை எங்கே தெரிந்ததோ அங்கேயே வைத்தியம் பார்த்தேன். நமுத்துவிட்டதா, கவரின் தடிமனைக் கூட்டினேன். வாடை வந்ததா, பெருங்காயத்தைக் கூட்டினேன். பணம் போனது, குறை போகவில்லை. குறை தெரிகிற இடம் ஒன்று, பிறக்கிற இடம் வேறு என்பது உறைத்த பிறகுதான் கீழே உள்ள வழிமுறையைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். அதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

தேடுவதற்கு முன் இருக்க வேண்டியவை

முதலாவது, எண். ஒரு தடவை வாணலியில் போட்டு எடுப்பது ஓர் ஈடு. ஒரு நாளில் அறுபது, எழுபது ஈடு எடுக்கிறோம். ஒவ்வோர் ஈட்டுக்கும் எண் போட யாராலும் முடியாது. ஒரே பிசைவு மாவில் எடுத்த ஈடுகள் எல்லாவற்றுக்கும் ஒரே எண் போடுங்கள். பொட்டலத்தின் மேல் தொகுதி எண்ணும் தயாரித்த தேதியும் இருக்க வேண்டும் என்று சட்டமே கேட்கிறது. ஆனால் பலர் அந்த இடத்தில் தேதியையே இன்னொரு முறை அச்சடித்து விடுகிறார்கள். அப்படிச் செய்தால் காலையில் புது எண்ணெயில் போட்டதும், மாலையில் களைத்துப்போன எண்ணெயில் போட்டதும் ஒரே எண்ணுக்குள் கலந்துவிடும். பிறகு தேட வழியில்லை.

அந்த எண்ணுக்கு எதிரே நோட்டில் ஒரு வரி எழுதினால் போதும்: எந்த மூட்டை மாவு, எண்ணெய் ஊற்றி எத்தனையாவது நாள், பிழிந்தவர் யார், எடுத்தவர் யார், எத்தனை மணிக்குக் கவர் ஒட்டியது. பெயர் எழுதுவது தண்டிப்பதற்காக அல்ல என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். எங்கள் சரக்கு மாஸ்டர், 'அண்ணாச்சி, நேற்றுக் கடைசி ஈட்டில் அடுப்பு தணிந்திருந்தது, நான் கவனிக்கவில்லை' என்று அவராகவே சொன்ன நாளில் மட்டும் பத்து நாள் தேடல் மிச்சமானது. அன்று நான் சத்தம் போட்டிருந்தால், அடுத்த முறை அவர் வாய் திறந்திருக்க மாட்டார்.

இரண்டாவது, மாதிரிப் பாக்கெட். ஒவ்வோர் எண்ணிலும் இரண்டு பாக்கெட்டுகளை எடுத்து, வெயில் படாத அலமாரியில், விற்பனைக் காலம் முடியும்வரை வைத்திருங்கள். புகார் வந்தவுடன் முதலில் செய்ய வேண்டியது, அதே எண்ணுள்ள மாதிரியைப் பிரித்துத் தின்று பார்ப்பதுதான். மாதிரியும் கெட்டிருந்தால் குறை நம் கூரைக்குக் கீழே பிறந்தது. மாதிரி நன்றாக இருந்து, திரும்பி வந்தது மட்டும் கெட்டிருந்தால், வண்டியிலோ கடையிலோ ஏதோ நடந்திருக்கிறது. தேட வேண்டிய இடம் இந்த ஒரு சோதனையிலேயே பாதியாகக் குறைகிறது.

புகாருக்கு உள்ளான பாக்கெட் கைக்கு வராமல், கைப்பேசியில் கேட்டதை மட்டும் வைத்து எந்த மாற்றமும் செய்யாதீர்கள். பாக்கெட்டைக் கேட்டு வாங்குங்கள். வேறு சரக்கு கொடுத்தாவது வாங்குங்கள்.

குறை: நமுத்துவிட்டது

இதுதான் அதிகம் வரும் புகார். அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். நமுத்துவிட்டது என்றவுடன் எல்லோருடைய கண்ணும் கவரின் மேல் போகும். முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: எத்தனையாவது நாளில் நமுத்தது?

போட்ட மறுநாளே நமுத்திருந்தால் கவரைக் குறை சொல்லாதீர்கள். உள்ளே வேகவில்லை. எண்ணெய் அளவுக்கு மீறிக் காய்ந்திருந்தால் முறுக்கின் மேல்பக்கம் சீக்கிரம் சிவந்துவிடும். பார்ப்பதற்குப் பதமாகத் தெரியும். ஆனால் நடுவில் ஈரம் அப்படியே நிற்கும். எடுத்தவுடன் கடித்தால் மொறுமொறுப்பாகத்தான் இருக்கும். இரவு முழுவதும் அந்த உள்ஈரம் மெல்ல வெளியே பரவி, காலையில் முழு முறுக்கையும் தளரச் செய்துவிடும். இதைக் கண்டுபிடிக்க, ஆறிய முறுக்கை உடைத்து உடைந்த முகத்தைப் பாருங்கள். நடுவில் மாவு நிறமாக, கொஞ்சம் பசை பிடித்தது போல் இருந்தால் வேகவில்லை. பழைய கைகள் நிறத்தைப் பார்த்து எடுப்பதில்லை, காதால் கேட்டு எடுப்பார்கள். மாவில் உள்ள தண்ணீர் ஆவியாகி வெளியேறும்போதுதான் எண்ணெய் இரையும். இரைச்சல் அடங்கிக் குமிழி குறைந்தால் தண்ணீர் போய்விட்டது என்று பொருள். மணப்பாறையில் முறுக்கை இரண்டு முறை எண்ணெயில் போட்டு எடுக்கும் வழக்கம் இருக்கிறது. முதல் முறையில் வெந்து, இரண்டாம் முறையில் மீதி ஈரமும் போய்விடும்.

ஒரு வாரம், பத்து நாள் கழித்து நமுத்தால் அப்போது கவரைப் பார்க்கலாம். அதிலும் கவரின் தாளைவிட ஒட்டிய இடத்தில்தான் கோளாறு அதிகம். ஒரு வாளியில் தண்ணீர் எடுத்து, பாக்கெட்டை முக்கி, உள்ளங்கையால் மெல்ல அழுத்துங்கள். குமிழி வரும் இடம் ஓட்டை. ஐந்து பாக்கெட்டுகளில் இதைச் செய்தால் ஓட்டை எப்போதும் ஒரே மூலையில் வருகிறதா, இடம் மாறி மாறி வருகிறதா என்று தெரியும். ஒரே மூலையில் வந்தால் ஒட்டும் இயந்திரத்தின் தாடை தேய்ந்திருக்கிறது, அல்லது அதன் மேலுள்ள டெஃப்லான் பட்டை கருகியிருக்கிறது. இடம் மாறி மாறி வந்தால், நிரப்பும்போது தூளும் எண்ணெய்ப் பசையும் கவரின் வாயில் படிகின்றன. அந்த இடத்தில் சூடு எவ்வளவு ஏற்றினாலும் ஒட்டாது. அதற்கு நீளமான வாயுள்ள புனல் ஒன்று போதும். புது இயந்திரம் வாங்க வேண்டியதில்லை.

ஒரே எண்ணில் சில பாக்கெட்டுகள் மட்டும் நமுத்து, மற்றவை நன்றாக இருந்தால், சூடாக இருக்கும்போதே கட்டியிருக்கலாம். கவரின் உள்பக்கம் பனித்துளி போல் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆர்டர் நெருக்கடியில் கடைசியாக எடுத்த ஈட்டை ஆறவிடாமல் கட்டும்போதுதான் இது நடக்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் நமுத்தால் குறை நேர்மாறானது: அளவுக்கு மேல் ஆறவிட்டிருக்கிறீர்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் காற்றே ஈரம். பெரிய தட்டில் பரப்பி, மேலே மின்விசிறியைச் சுழலவிட்டு, மாலைவரை வைத்தால் அந்தப் பலகாரம் காற்றின் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். அதன்பிறகு எவ்வளவு நல்ல கவரில் போட்டாலும், ஈரத்தையும் சேர்த்துத்தான் பூட்டுகிறோம். மழைக்காலத்தில் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தவுடன் மூடியுள்ள பாத்திரத்துக்கு மாற்றி, அன்றைக்கே கட்டிவிட வேண்டும். நான் இதைக் கற்றுக்கொள்ள ஒரு தீபாவளிச் சரக்கையே விலையாகக் கொடுக்க வேண்டியிருந்தது. ஐந்து நாள் அடைமழை. பாக்கெட் பாக்கெட்டாகத் திரும்பி வந்தது. ஆறு மணி நேரம் விசிறிக்குக் கீழே ஆறியதுதான் காரணம் என்று நோட்டில் இருந்த இரண்டு நேரங்களைக் கழித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

மிக்சர் மட்டும் நமுக்கிறது, முறுக்கும் தட்டையும் நன்றாக இருக்கின்றன என்றால் கறிவேப்பிலையைப் பாருங்கள். நொறுங்காமல் வளைகிறதா? அதுதான் காரணம். ஒரு கைப்பிடி கறிவேப்பிலையில் ஈரம் நின்றால், மூடிய பாக்கெட்டுக்குள் அது ஓமப்பொடிக்கும் பூந்திக்கும் பங்கிட்டுக் கொடுத்துவிடும். வறுக்காமல் அப்படியே போடும் பொட்டுக்கடலையும் இதே வேலையைச் செய்யும். கறிவேப்பிலையை விரலிடையில் தேய்த்தால் தூளாக வேண்டும், அதுதான் பதம்.

குறை: சிக்கு வாடை, காறல்

வாய்க்குள் போட்டவுடன் ஒன்றும் தெரியாது. விழுங்கிய பிறகு தொண்டையில் காறும். வீட்டுப் பெரியவர்கள் எண்ணெய் சிக்கடித்துவிட்டது என்பார்கள். எண்ணெயோடு ஆக்சிஜன் சேர்ந்து கெட்டுப்போவதுதான் இது. வெளிச்சமும் சூடும் அதை வேகப்படுத்தும்.

இங்கேயும் மாதிரிப் பாக்கெட்டிலிருந்தே தொடங்குங்கள். மாதிரி நன்றாக இருந்தால் அந்தக் கடைக்கு ஒரு முறை நேரில் போய் வாருங்கள். தெருவைப் பார்த்தபடி, மேற்கு வெயில் நேராக விழும் இடத்தில் நம் பாக்கெட் சரமாகத் தொங்கிக்கொண்டிருக்கும். அதற்குக் கடைக்காரரைக் கோபித்துப் பயனில்லை. ஒளி புகாத, உலோகப் பூச்சுள்ள கவருக்கு மாறலாம்; இல்லாவிட்டால் அந்தக் கடைக்கு மட்டும் பத்து நாளில் விற்றுத் தீரும் அளவு போடலாம். சாதாரண பாலித்தீன் கவர் ஈரத்தை ஓரளவு தடுக்கும், ஆக்சிஜனைத் தடுக்காது. இதைத் தெரிந்துகொள்ளாமல் நான் தடித்த பாலித்தீனுக்கு மாறி ஓர் ஆண்டு ஏமாந்தேன். உள்ளே உள்ள காற்றை நீக்கி நைட்ரஜன் நிரப்பினால் காறல் நன்றாகத் தள்ளிப்போகும். ஆனால் ஒட்டிய இடம் கசிந்தால் நிரப்பிய நைட்ரஜன் வீண். வாளித் தண்ணீர்ச் சோதனையில் தேறிய பிறகு அதற்குப் பணம் போடுங்கள்.

மாதிரியும் காறினால் வாணலிக்குத் திரும்ப வேண்டும். நோட்டில் எண்ணெயின் வயதைப் பாருங்கள். நம்மில் பெரும்பாலோர் செய்யும் பெரிய தவறு, குறைந்த எண்ணெய்க்குப் புது எண்ணெயை மேலே மேலே ஊற்றிக்கொண்டே போவது. புதியது பழையதை இளமையாக்காது. பழையதில் சிதைந்து கிடப்பவை புதியதையும் சீக்கிரம் கெடுக்கும். அடியில் கருகிக் கிடக்கும் துகள்களும் அப்படித்தான். அன்றன்றைக்கு வேலை முடிந்ததும், சூடு தணிந்ததும், எண்ணெயை வடிகட்டியே ஆக வேண்டும். எண்ணெய் கறுப்பது, கெட்டியாவது, முறுக்கு போடாமலே நுரைப்பது, வழக்கமான சூட்டிலேயே புகைவது ஆகியவை அது களைத்துவிட்டதன் அடையாளங்கள். கண்ணை மட்டும் நம்ப வேண்டாம். பொரிக்கும் எண்ணெயில் சிதைவால் உண்டாகும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதி. 2018 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதை அளக்கக் கையடக்கக் கருவி கிடைக்கிறது. தனியாக வாங்க முடியாவிட்டால் நான்கைந்து பட்டறைகள் சேர்ந்து ஒன்று வாங்கிக்கொள்ளலாம். அந்த எல்லையைத் தாண்டிய எண்ணெயைச் சாலையோரக் கடைகளுக்குக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடும் பழக்கம் நம் தொழிலில் இருக்கிறது. அது பாவம். பயோடீசல் செய்வதற்காக வாங்கிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் கொடுங்கள்.

எண்ணெய் புதியது, மாதிரியும் காறுகிறது என்றால் மிச்சம் இருப்பவை இரண்டு. ஒன்று, மிக்சரில் போட்ட வேர்க்கடலை, மூட்டையிலேயே காறியிருக்கும். மூட்டையின் மேலிருந்து மட்டும் எடுத்துப் பார்க்காமல், நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் எடுத்து மென்று பாருங்கள். இன்னொன்று, செம்பு அல்லது பித்தளைப் பாத்திரம். செம்பு பட்டால் எண்ணெய் வேகமாகக் கெடும். ஆறவைக்கும் தட்டும் வடிகட்டியும் எதனால் ஆனவை என்று பாருங்கள்.

எந்த எண்ணெயை வாங்கினோம் என்பதும் இதில் சேரும். சூரியகாந்தி எண்ணெய் பாமாயிலைவிடச் சீக்கிரம் காறும். விலை மாறியது என்று எண்ணெயை மாற்றிவிட்டு, கவரில் விற்பனைக் காலத்தை மட்டும் பழையபடியே அச்சடித்தால் புகார் வந்தே தீரும்.

குறை: எண்ணெய் குடித்திருக்கிறது

கவரின் உள்பக்கம் வழவழப்பு, கையில் எண்ணெய் ஒட்டுகிறது. இதற்கு வெப்பமானி இல்லாமல் பதில் கண்டுபிடிக்க முடியாது. 170 முதல் 180 டிகிரிக்குள் எண்ணெய் நிற்க வேண்டும். பிழிந்து போட்டதும் சூடு இறங்கத்தான் செய்யும். எவ்வளவு இறங்குகிறது, எவ்வளவு நேரத்தில் திரும்ப ஏறுகிறது என்பதுதான் விஷயம். ஒரே சமயத்தில் அதிகமாகப் போட்டால் சூடு விழுந்து, மேல்தோல் இறுக நேரமாகி, பலகாரம் எண்ணெயில் ஊறும்.

வெப்பமானியை நம்புவதற்கு முன் அதையும் சோதியுங்கள். கொதிக்கும் தண்ணீரில் 100 டிகிரி காட்ட வேண்டும். மலை மேல் இருப்பவர்களுக்குக் கணக்கு மாறும். உதகமண்டலத்தில் கிட்டத்தட்ட 93 டிகிரியிலேயே தண்ணீர் கொதித்துவிடும்.

சூடு சரியாக இருந்தும் எண்ணெய் குடித்தால், எடுக்கும் விதத்தைப் பாருங்கள். எண்ணெயில் கிடக்கும்போது குடிப்பதைவிட, வெளியே எடுத்து ஆறத் தொடங்கும்போதுதான் பலகாரம் அதிகம் குடிக்கிறது. உள்ளிருக்கும் ஆவி குளிர்ந்து சுருங்க, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெய் உள்ளே இழுக்கப்படுகிறது. அதனால் ஜல்லிக்கரண்டியில் எடுத்தவுடன் வாணலிக்கு மேலேயே நன்றாக உதறி, சூடு போகுமுன் வடிய வைக்க வேண்டும். குவியலாகக் கொட்டினால் கீழே இருப்பது மேலே இருப்பதன் எண்ணெயையும் சேர்த்துக் குடிக்கும்.

அதற்கும் பிறகு மாவு. பிசைந்து வெகுநேரம் வைத்த மாவு எண்ணெய் குடிக்கும், சீக்கிரம் சிவக்கவும் செய்யும். அரை மணி நேரத்தில் பிழிந்து முடிக்கும் அளவு மட்டும் பிசையுங்கள்.

குறை: கல் போல இருக்கிறது, அல்லது தொட்டால் நொறுங்குகிறது

மாவு, கொழுப்பு, தண்ணீர் மூன்றுக்கும் இடையிலான கணக்கு இது. பிசையும்போது சேர்க்கும் வெண்ணெயோ காய்ச்சிய எண்ணெயோ குறைந்தால் கடினம். கூடினால் எண்ணெயில் போட்டதும் பிரிந்து கரையும். தண்ணீர் குறைந்தால் அச்சிலிருந்து வரும்போதே அறுந்து அறுந்து விழும்.

எங்களைப் பல மாதம் அலைக்கழித்தது அரிசியின் வயது. தை அறுவடைக்குப் பிறகு புது அரிசி மலிவாக வரும். புது அரிசி மாவு பழையது போலத் தண்ணீர் இழுக்காது. அதே அளவு தண்ணீர் ஊற்றினால் மாவு கையில் ஒட்டும். ஒட்டுகிறது என்று பிழிபவர் மேலும் மாவு தூவுவார். உப்பும் உளுந்தும் கொழுப்பும் விகிதம் மாறிவிடும். கடைசியில் புகார் 'உப்பு இல்லை' என்று வரும்! உப்பில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? அரிசி மூட்டை மாறும் நாளில் ஒரு கிலோ மாவைத் தனியாகப் பிசைந்து, தண்ணீர் அளவைப் புதிதாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

எண்ணெயில் வெடித்தால் அது தரத்தைத் தாண்டிய ஆபத்து. முகத்தில் எண்ணெய் தெறிக்கும். சலிக்காத மாவில் உள்ள கட்டி, குருணை, மாவுக்குள் அடைபட்ட காற்று ஆகியவையே பெரும்பாலும் காரணம். சீடை போடுபவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். சலித்த பிறகே பிசைய வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

குறை: சுவை ஒவ்வொரு தடவையும் மாறுகிறது

இதில் எனக்குத் திடமான கருத்து உண்டு. கரண்டி அளவை ஒழியுங்கள். கல்லுப்பு ஒரு கரண்டியும் தூளுப்பு ஒரு கரண்டியும் ஒரே எடை அல்ல. ஈரம் இழுத்த உப்பு அதிலும் வேறு. எல்லாவற்றையும் தராசில் வையுங்கள். பிசைவு ஒன்றுக்கு வேண்டிய உப்பு, மிளகாய்த்தூள், ஓமம், பெருங்காயம் எல்லாவற்றையும் காலையிலேயே எடை போட்டுத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி வைத்துவிட்டால், நடுவில் கைப்பேசி அடித்தாலும் கணக்கு தவறாது.

எடை போட்டும் காரம் மாறுகிறதா? மிளகாயே மாறியிருக்கிறது. ராமநாதபுரம் முண்டு மிளகாயின் காரம் ஒன்று, குண்டூர் மிளகாயின் காரம் வேறு. ஒரே ஊர் மிளகாயிலும் மூட்டைக்கு மூட்டை மாறும். புது மூட்டை வந்தால் பழைய தூளில் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே ஒப்பிட்டுவிட வேண்டும். அதற்கு எளிய சோதனை ஒன்று: மூன்று கிண்ணங்களில் இரண்டில் பழைய சரக்கு, ஒன்றில் புதியது. எது எதுவென்று சொல்லாமல் ஐந்தாறு பேருக்குக் கொடுத்து, வேறுபட்டதை எடுக்கச் சொல்லுங்கள். பெரும்பாலோர் சரியாக எடுத்தால் வாடிக்கையாளரும் கண்டுபிடிப்பார். ஆளுக்கு ஒன்றைக் காட்டித் தடுமாறினால் மாற்றம் பெரிதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஒரு கடைக்காரர் உப்பு கூடுதல் என்றார் என்று அன்றே குறைத்து, மறுவாரம் இன்னொருவர் சப்பென்றிருக்கிறது என்றதும் கூட்டிக்கொண்டே இருந்தால், சுவை இன்னும் அதிகமாக ஊசலாடும். தரக் கட்டுப்பாட்டைப் பற்றி ஜப்பானியர்களுக்கு 1950-இல் பாடம் எடுத்த அமெரிக்கர் எட்வர்ட்ஸ் டெமிங் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: இயல்பான சிறு ஏற்ற இறக்கத்துக்கெல்லாம் கை வைத்தால் ஏற்ற இறக்கம் பெருகும். அவர் பெயரால் ஜப்பானில் தரப்படும் விருதை 1998-இல் சென்னை பாடியில் உள்ள சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு பெற்றது. பிரேக்குக்குப் பொருந்தும் அந்த விதி தட்டைக்கும் பொருந்துவதை நான் நோட்டில் பார்த்திருக்கிறேன். ஒரே புகார் இரண்டு வெவ்வேறு கடைகளிலிருந்து, ஒரே எண்ணுக்கு வந்தால் மட்டும் கை வையுங்கள். அப்போதும் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். உப்பையும் எண்ணெயையும் கவரையும் ஒரே நாளில் மாற்றிவிட்டால், எது குணப்படுத்தியது என்று கடைசிவரை தெரியாது.

குறை: எடை குறைகிறது

200 கிராம் பாக்கெட் என்றால், 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகளின்படி ஒரு தனிப் பாக்கெட்டில் அதிகபட்சம் 9 கிராம்வரை பிழை பொறுக்கப்படும். ஆனால் தொகுதியின் சராசரி 200-க்குக் கீழே போகக் கூடாது. இந்த இரண்டாவது பகுதியை மறந்துவிட்டு, எல்லாப் பாக்கெட்டையும் 195-இல் நிறுத்துபவர்கள் சட்டத்தையும் மீறுகிறார்கள், வாங்குபவரையும் ஏமாற்றுகிறார்கள்.

மணிக்கு ஐந்து பாக்கெட்டுகளை எடுத்து எடை போட்டு, சராசரியைக் கட்டம் போட்ட தாளில் புள்ளியாக வையுங்கள். 1924-இல் அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் வால்டர் ஷூஹார்ட் என்பவர் வரைந்து காட்டிய முறை இது. நூறு ஆண்டுகள் கழித்தும் இதைவிட மலிவான கருவி எனக்குத் தெரியாது. புள்ளிகள் மேலும் கீழும் சிதறினால் நிரப்பும் கைக்குப் பயிற்சி வேண்டும். ஒரே பக்கமாகச் சரிந்துகொண்டே போனால் தராசு நகர்கிறது. மேடை சமமில்லை, அல்லது தட்டில் தூள் சேர்ந்திருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு திடீரென்று ஒரு படி இறங்கினால் ஆள் மாறியிருக்கிறார்.

குறை: முடி, கல், கம்பி

இதில் ஆராய்ச்சிக்கு முன் நிறுத்தம். அந்த எண்ணுள்ள எல்லாப் பாக்கெட்டையும் கடைகளிலிருந்து திரும்ப எடுங்கள். எண் போட்டு வைத்ததன் முழுப் பலனும் இந்த நாளில்தான் தெரியும். எண் இல்லாதவர்கள் மாதச் சரக்கு முழுவதையும் எடுக்க வேண்டியிருக்கும்.

கிடைத்த பொருளைத் தூக்கி எறியாமல் வெள்ளைத் தாளில் வைத்துப் பாருங்கள். கம்பி என்றால் சல்லடையையும் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரையும் எடுத்து அதனோடு ஒப்பிடுங்கள். கம்பி நாரைப் பட்டறைக்குள் விடவே விடாதீர்கள். கல் என்றால் உளுந்து, ஓமம், எள் மூன்றில் ஒன்று. முடி என்றால் தலையுறை. முதலாளி அடுப்படிக்கு வரும்போது அவர் தலையிலும் இருக்க வேண்டும். கண்டெடுத்தவர் வாடிக்கையாளர் என்றால் கைப்பேசியில் மன்னிப்புக் கேட்டு முடித்துவிடாமல், முடிந்தால் நேரில் போங்கள்.

சரிசெய்த குறை மறுபடி வந்தால்

ஜப்பானின் டொயோட்டா கார் நிறுவனத்தில் உற்பத்தி முறையை வகுத்த தாயிச்சி ஓனோ வற்புறுத்திய வழக்கம் ஒன்று உண்டு: ஒரு குறைக்கு முதலில் கிடைக்கும் விடையோடு நிற்காமல், 'ஏன்' என்று ஐந்து முறை கேட்பது. எங்கள் பட்டறையில் அது எப்படிப் போனது என்று சொல்கிறேன்.

வியாழக்கிழமைச் சரக்கு மட்டும் எண்ணெய் குடித்து வந்துகொண்டிருந்தது. ஏன்? வாணலியில் சூடு விழுகிறது. ஏன்? ஓர் ஈட்டுக்கு வழக்கத்தைவிட அதிகமாகப் பிழிந்து போடுகிறார்கள். அந்த இடத்தில் நான் நின்றிருந்தால் மாஸ்டரைக் கண்டித்துவிட்டுப் போயிருப்பேன். உண்மையில் இரண்டு முறை அப்படித்தான் செய்தேன், குறையும் இரண்டு முறை திரும்பி வந்தது. ஏன் அதிகமாகப் போடுகிறார்கள்? விடியற்காலை ஐந்து மணிக்குள் முடிக்க வேண்டும். ஏன் ஐந்து மணி? கடை கடையாகச் சரக்கு இறக்கும் லைன் வண்டி அப்போது கிளம்புகிறது. ஏன் வியாழக்கிழமை மட்டும் இடிக்கிறது? வெள்ளிக்கிழமைச் சந்தைக்கான ஆர்டரைக் கடைக்காரர்கள் புதன் இரவு பத்து மணிக்கு மேல்தான் சொல்கிறார்கள்; மறுநாளே சரக்கை இறக்கச் சொல்கிறார்கள்.

ஆர்டரைப் புதன் மாலை ஆறு மணிக்குள் சொல்லுமாறு கடைகளைக் கேட்டுக்கொண்டேன். சிலர் ஒப்புக்கொண்டார்கள், சிலர் ஒப்புக்கொள்ளவில்லை. அதனால் ஓட்டுநர் தம்பியிடம் பேசி, வியாழன் மட்டும் வண்டியை ஏழு மணிக்கு மாற்றினோம். வாணலியில் ஓர் ஈட்டுக்கு எத்தனை முறுக்கு என்று சுண்ணாம்புக் கட்டியால் சுவரில் எழுதி வைத்தோம். அந்த வாரத்திலிருந்து வியாழக்கிழமை வரிகளில் அந்தக் குறை நோட்டில் ஏறவில்லை.